வேலை நாள் பிரெட்

நவம்பர் 18, திங்கள்

வீட்டில் கள் வாடை அடிக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே மூக்கில் ஏறியது. அடுப்படிக்கு ஓடினேன். அங்கே என் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே மேடைமேல் வெள்ளை நிறத்தில் ஒரு புது மெஷின். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மேகலா அனுப்பிய பிரெட் மெஷினாம். பால், மாவு, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் உள்ளே போட்டுப் பொத்தானை அமுக்கினால் அதுவே பிசைந்து, அதுவே பொங்கவைத்து, அதுவே சுட்டும் கொடுக்குமாம்.

"ஈஸ்ட் பொங்கற வாசம் புள்ள. எப்படி இருக்குது?" என்றார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

நல்லாவே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டுக்கு என் மூக்குதான் போலீஸ். தெருமுனையில் அவர் வரும்போதே பீரா பிராந்தியா என்று சொல்லிவிடுவேன். இனிமேல் அந்த மூக்கை வைத்து என்ன செய்வது? வீடு முழுக்கப் புளித்த வாடை இருந்தால் எது மாவு, எது மற்றது என்று எப்படிப் பிரிப்பேன்? மகளுக்கு இது தோன்றியிருக்காது. அவருக்குத் தோன்றியிருக்கும்.

ஆகஸ்டில் மறுவாழ்வு மையத்திலிருந்து அவரை அழைத்து வரும்போது அங்கே கவுன்சலிங் செய்யும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வசந்தாமணி, சந்தேகம் வந்தா அவர்கிட்டக் கேக்காதீங்க. வாயை ஊதச் சொல்லாதீங்க. மனசுல வர்றதை நோட்டுல எழுதுங்க." இத்தனை நாள் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

நானும் அன்று ஒன்று சொன்னேன், வீட்டுக்காரர் எதிரிலேயே. இன்னொரு தடவை குடித்தால் உடுமலைக்கு என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன் என்று. அவர் தலையை ஆட்டினார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்றைய பிரெட் உருப்படியாக வந்தது. மேலே நல்ல செம்பட்டை நிறம், தட்டினால் டொக் டொக்கென்று சத்தம். அடியில் மட்டும் மாவு பிசையும் துடுப்பு நின்ற இடத்தில் ஒரு ஓட்டை.

மனுஷன் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மெஷின் ஓடும்போது காதைச் சாய்த்துக் கேட்கிறார். "இப்பத் தண்ணி பத்துல. சத்தம் முக்குது பாரு" என்று ஒரு கரண்டி பால் ஊற்றினார். அதுவும் சரியாகிவிட்டது. சாமான் போடுகிற வரிசை எல்லாம் சுத்தம். முதலில் பால், அப்புறம் மாவு, ஒரு மூலையில் உப்பு, நடுவில் குழி பண்ணி ஈஸ்ட். உப்பு நேராக ஈஸ்ட்மேல் பட்டால் அது செத்துப் போகுமாம்.

வெண்ணெய் தடவி ரெண்டு பேரும் தின்றோம். "எப்படி, பேக்கரி வெச்சரலாமா?" என்று சிரித்தார். முன்பல் ஒன்று போனபிறகு அவர் வாய் திறந்து சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். சந்தோஷமாக இருந்தது. உடனே பயமாகவும் இருந்தது. இந்த வீட்டில் சந்தோஷம் வந்து ஒரு வாரம் தங்கினதில்லை.

நவம்பர் 27, புதன்

அவர் குளிக்கும்போது மெஷினுக்குப் பின்னால், மாவு டப்பாவுக்குள், கேஸ் சிலிண்டர் இடுக்கில் எல்லாம் பாட்டில் தேடினேன். ஒன்றும் இல்லை. இல்லாததும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 2, திங்கள்

ஞாயிற்றுக்கிழமை பிரெட் எங்கள் தட்டுக்கு வருகிறது. வேலை நாளில் போடுகிற பிரெட் எங்கே போகிறது?

காலை ஏழு மணிக்கு மெஷினைத் தட்டிவிடுகிறார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மெஷின் துடைத்து வைத்திருக்கிறது, பிரெட்டைக் காணோம். போன வாரமும் இப்படித்தான். இன்று கேட்டே விட்டேன். பிரெட்டைப் பற்றித்தானே கேட்கிறேன், அதில் தப்பில்லை.

"பக்கத்து வீட்டு ருக்மணிக்குக் குடுத்தேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

முப்பது வருஷமாக மூன்றாம் வகுப்பு டீச்சர். யார் பார்த்து எழுதினது, யார் வயிற்று வலி என்று பொய் சொல்கிறது என்பதை முதுகைப் பார்த்தே சொல்லுவேன்.

டிசம்பர் 4, புதன்

மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ருக்மணியிடம் வாய் கொடுத்தேன். "எங்க வீட்டுக்காரரு குடுத்த பிரெட் எப்படி இருந்துச்சு?"

"எந்த பிரெட்டுங்க டீச்சர்? எங்க கண்ணுல எங்க காட்டுனீங்க? வாசம் மட்டுந்தான் வருது" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அவள் சும்மா விடாமல் இன்னொரு கதையையும் அவிழ்த்தாள். நாச்சிமுத்துவுக்கு வயிறு தண்ணி கோத்துப் பானை மாதிரி ஊதிவிட்டதாம். கண்ணெல்லாம் மஞ்சளாம். பெண்டாட்டி எப்போதோ போய்விட்டதால் அக்கா சரோஜினி வீட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்களாம். கஞ்சி இறங்கவில்லை, உப்பு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

நாச்சிமுத்து என்றால் இவரோடு மில்லில் ஒரே ஷிஃப்ட் பார்த்தவன். சம்பள நாளன்று இவரைத் தோளில் கைபோட்டுக் கடைக்குக் கூட்டிப் போனவன். அவன் பேரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன்.

"நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு இருக்கிற கவலையில் அவன் வயிறு எப்படிப் போனால் என்ன?

டிசம்பர் 6, வெள்ளி

ஒரு துப்புக் கிடைத்தது.

தலைவலி என்று அரை நாளில் வந்தேன். அவர் வீட்டில் இல்லை. மேடையில் பிரெட்டின் ஓரத்துண்டு ஒன்று கிடந்தது. மேல்பக்கம் நடுவில் குழிந்து, அமுங்கிப்போன தலையணை மாதிரி இருந்தது. பிய்த்து வாயில் போட்டேன். உப்பே இல்லை. துளிகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அளந்து அளந்து போடுகிறவர், வேலை நாளில் உப்பை மறக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? அந்தக் காலத்தில் குடித்துவிட்டு ரசம் வைத்த அன்றும் இப்படித்தான், புளி இருக்கும், உப்பு இருக்காது. அந்த ரசத்தின் ருசி என் நாக்கில் இன்னும் இருக்கிறது. அவருக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காது.

அப்படியானால் காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறார்.

டிசம்பர் 9, திங்கள்

இன்று கண்ணால் பார்த்தேன். காய் நறுக்குகிற மாதிரி மேடை ஓரத்தில் நின்றுகொண்டேன். பால் ஊற்றினார். மாவு போட்டார். சர்க்கரை, வெண்ணெய், ஈஸ்ட். உப்பு டப்பா பக்கமே கை போகவில்லை. மூடிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். கை நடுங்கவில்லை. வாடையும் தெரியவில்லை, அதுதான் அந்த ஈஸ்ட் எல்லாவற்றையும் மூடிவிடுகிறதே.

கேட்கக் கூடாது என்று உத்தரவு. சரி, கேட்கவில்லை. மூடியைத் திறந்து, உருண்டுகொண்டிருந்த மாவின்மேல் ஒரு ஸ்பூன் உப்பைத் தூவினேன். துடுப்பு அதை இழுத்துக்கொண்டது. மூடிவிட்டேன்.

எதற்குப் போட்டேன்? யார் வீட்டுக்குப் போனாலும் இந்த வீட்டுப் பேர் கெடக் கூடாதே என்றுதான். அதோடு, மறந்த உப்பு எப்படி வந்தது என்று அவர் முகத்தில் ஒரு திடுக்கிடல் தெரிகிறதா என்றும் பார்க்கணும்.

டிசம்பர் 11, புதன்

திடுக்கிடல் எல்லாம் இல்லை. சாயங்காலம் ஒரே ஆட்டம். "இன்னிக்கும் குழி உழுகுல புள்ள! நேத்தும் அப்படித்தான். கும்முன்னு கோபுரமாட்டம் நின்னுச்சு. பாலைக் கொஞ்சம் வெதுவெதுன்னு ஊத்துனேன், அதுதான் சங்கதி. கை வந்துருச்சு."

கை வந்துவிட்டதாம். நேற்றும் இன்று காலையும் அவர் குளிக்கப் போனபிறகு நான்தான் உப்புப் போட்டேன். உப்பு விழுந்தால் குழி விழுவதில்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. தெளிவாக இருக்கிற ஆளுக்கு இது தெரியாமல் போகுமா?

டிசம்பர் 14, சனி

பள்ளி விடுமுறை. பதினோரு மணிவாக்கில் பிரெட்டை வெள்ளைத் துணியில் சுற்றி மஞ்சள் பையில் போட்டார். "இதா வந்தர்றேன்" என்று சைக்கிளை எடுத்தார். நான் பின்வாசல் வழியாக இறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு தூரத்திலேயே போனேன். இந்த வயதில் புருஷனை வேவு பார்க்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

சந்தை தாண்டினார். ரைஸ்மில் தாண்டினார். வாய்க்கால் மேட்டுப் பாதையில் திரும்பினார். அந்தப் பாதையில்தான் ஒயின் ஷாப் இருக்கிறது. தொட்டுக்க பிரெட்!

நான் ரைஸ்மில் முனையிலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன். பார்த்தது போதும்.

டிசம்பர் 15, ஞாயிறு

உடுமலைக்கு அண்ணனுக்கு போன் செய்தேன். மாடி ரூமை வெள்ளையடித்தே வைத்திருக்கிறாராம். "அரைப் பரீட்சை லீவுல வந்துரு அம்மிணி. நானே கார்ல வந்து கூட்டீட்டு வர்றேன்" என்றார். வருகிற சனிக்கு அடுத்த சனி, இருபத்தெட்டாம் தேதி என்று முடிவு செய்தோம்.

அவர் இன்று உளுந்து வடை மாதிரி வெங்காயம் போட்ட பிரெட் செய்தார். ரெண்டாவது துண்டும் வாங்கித் தின்றேன். அழுகை வந்தது. வெங்காயம் என்று சொன்னேன்.

டிசம்பர் 18, புதன்

இன்றும் போட்டேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

லீவு தொடங்கிவிட்டது. பீரோவைத் திறந்து எந்தப் புடவைகளை எடுத்துப் போவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவர் வந்தார். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, சுவரில் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பயந்த நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். வியர்வை வாடை மட்டும்தான்.

"நாச்சிமுத்துவை ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க" என்றார். "நான் உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன் புள்ள. தெனமும் அவனுக்குத்தான் பிரெட் கொண்டு போய்க் குடுத்தேன். கஞ்சி எறங்குல. பால்ல நனைச்ச பிரெட் மட்டுந்தான் தின்னான். கடைப் பிரெட்ல உப்புக் கெடக்குது, அவனுக்கு உப்பு ஆகாது. அதுக்குத்தான் நானே உப்பில்லாமப் போட்டேன். அவன் பேரு உனக்கு ஆகாதுன்னு சொல்லுல."

சரோஜினி வீடு வாய்க்கால் மேட்டில்தான். ஒயின் ஷாப்பைத் தாண்டி.

"ரெண்டு வாரமா வயிறு திரும்ப ஏறிருச்சு. யாரு உப்புக் குடுத்தீங்கன்னு டாக்டரு சத்தம் போட்டாரு. சரோஜினி அக்கா இன்னிக்குப் பிரெட்டை வாயில போட்டுப் பாத்துச்சு. உப்பு. எல்லார்த்து முன்னாலயும் சொல்லிருச்சு, குடிகாரன் கையில சோறு வாங்குனா இப்படித்தான்னு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நான் உப்பு டப்பாவையே தொடுல புள்ள. தொட்டனா? குடிச்ச காலத்துல செஞ்சது எதுவும் நெனப்பு இருக்காது. இப்பக் குடிக்காமயே அப்படி ஆயிருச்சா?"

நான் சொல்லியிருக்கணும். அந்த நிமிடமே சொல்லியிருக்கணும். "மொதல்ல எந்திரிச்சு சாப்பிடுங்க" என்றேன்.

டிசம்பர் 25, புதன்

மெஷின் பிளக்கைப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். சட்டைப் பித்தான் போடும்போதுகூட ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் போட்டது உறுதியா என்று பார்க்கிறார். கேஸை மூடினோமா என்று மூன்று தடவை என்னைக் கேட்டார்.

சாயங்காலம் சொன்னார், "தானறியாம உப்புப் போடறவன், தானறியாமக் குடிக்கவும் குடிப்பான் இல்ல?"

நான் சொல்லாவிட்டால் இந்த மனுஷன் மறுபடி குடிக்கப் போய்விடுவார். சொன்னாலும் போய்விடுவாரோ?

டிசம்பர் 26, வியாழன்

காலையில் காபி கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அந்த உப்பு நான் போட்டதுங்க."

"என்ன?"

"நீங்க குளிக்கப் போனப்பறம் நான் போட்டேன். தெனமும்."

"நெசமாவா? நீயா?"

"ஆமாங்க."

திட்டுவார், டம்ளரை எறிவார் என்று நின்றேன். அவர் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "அப்ப நான் இல்ல. அப்ப நான் இல்ல" என்று அதையே சொன்னார். இருபத்தைந்து வருஷம் சம்சாரம் பண்ணி அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உப்புப் பத்துலைன்னு போட்டயாக்கும். அவனுக்குன்னு உனக்கு எப்படித் தெரியும், பாவம்" என்றார்.

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டேன்.

"நாளைக்கு எங்கூட வந்து சரோஜினி அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லீரு. என்ற பேரு அங்க கெட்டுக் கெடக்குது."

டிசம்பர் 27, வெள்ளி

போனேன். வாசல் மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டிருந்த ஆளைப் பார்க்க, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நாச்சிமுத்துவை அடையாளம் தெரியவில்லை. கை கால் குச்சி, வயிறு மட்டும் போர்வையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. குழாய் வைத்துத் தண்ணி எடுத்திருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை என்றார்கள். நான் இத்தனை வருஷம் சாபம் கொடுத்தது இந்த உடம்புக்குத்தானா என்று இருந்தது.

சரோஜினி அக்காவிடம் சொன்னேன். கட்டிலில் கிடந்த நாச்சிமுத்து முந்திக்கொண்டான். "எனக்குத் தெரியுமுங்க. ருசி வந்துருச்சே. சொன்னா நிறுத்திப்போடுவான்னு கம்முனு தின்னுட்டேன்." அவன் அக்கா அவன் கையில் ஒரு அடி வைத்தாள்.

அதோடு முடிந்திருக்கலாம். அவள் என் பக்கம் திரும்பினாள். "உப்பில்லைன்னா அவரைக் கேட்டிருக்கலாமுல்ல டீச்சர்? ஒரே வீட்டுல இருக்கீங்க. எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு போட்டீங்க?"

எத்தனையோ பொய் கைவசம் இருந்தது. ஒன்றும் வரவில்லை.

"இவரு குடிச்சுட்டு மறந்துட்டாருன்னு நெனச்சனுங்க" என்றேன்.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கூட இருமலை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், "அவ மேல தப்பில்லீங்க அக்கா. அவ பாத்ததெல்லாம் அப்படி."

அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

பஸ் ஸ்டாப்பில் ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டோம். கோபமே இல்லாமல் கேட்டார், தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி.

"நான் குடிச்சிருந்தா உனக்கு நிம்மதியா இருந்திருக்குமா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கணும். எந்தப் பெண்டாட்டியும் சொல்லுவாள். மூன்றாவது பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

டிசம்பர் 28, சனி

அண்ணனுக்குக் காலையிலேயே போன் செய்து வர வேண்டாம் என்றேன். "ஏன், திருந்தீட்டாரா?" என்றார். "தெரியலீங்கண்ணா" என்றேன். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

அவர் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து மேடையில் வைத்திருந்தார். மாவு அளந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நேத்துக் கேட்டீங்கல்ல" என்றேன். "ஆமாங்க. நிம்மதியா இருந்திருக்கும். எப்ப வரும், எப்ப வரும்னு காத்துக் கெடக்கறதுக்கு, வந்துட்டாத் தேவலைன்னு இருக்குது. தப்புத்தான். ஆனா அப்படித்தான் இருந்துச்சு."

மாவுக் கையோடு நின்றார். சுருக்கென்று பட்டிருக்கும்.

"எனக்கும் சில நாள் அப்படித்தான் இருக்குது புள்ள" என்றார்.

அவரும் அதையேதான் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார், இதே வீட்டில், எனக்கு ரெண்டு அடி தள்ளி. நான் அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் மாவு ஒட்டாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், பால் ஆறுகிறது என்று சொன்னார்.